திட்டிக்கொண்டாவது பேசிக்கொண்டிருங்கள்

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. சுருக்கிச் சொல்கிறேன். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். கணவர் மலேசியாவுக்கு வேலைக்குப் போனார். ஏஜென்ட் சொன்ன வேலை அங்கே இல்லை, ஏழு மாதத்தில் வெறுங்கையோடு திரும்பிவிட்டார். போவதற்கு வாங்கிய கடன், அதை அடைக்க வாங்கிய குழுக் கடன் என்று இரண்டும் கழுத்தில் கிடக்கின்றன. இடையில் மாமியாருக்குப் பக்கவாதம். இந்தத் தாய் வேளாங்கண்ணிக்கு நடந்து போனார், புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) திருத்தலமான ஓரியூருக்கு நேர்ந்துகொண்டு போனார். ஒன்றும் மாறவில்லை. யாரோ கூட்டிப்போன ஒரு செபக்கூட்டத்தில், 'உனக்கு விசுவாசம் குறைவு, உங்கள் குடும்பத்தில் பரம்பரைச் சாபம் இருக்கிறது' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது செபமே வரவில்லை. பூசையில் உட்கார்ந்தால் கோபம் வருகிறது. ஒன்பது வயது மகள், 'சாமி ஏம்மா நம்ம பேச்சக் கேக்க மாட்டேங்குது?' என்கிறாள். இந்த நிலையில் விசுவாசத்தை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது?

அம்மா, நான் குருவானவர் இல்லை. 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திவிட்டு, ஓய்வுக்குப் பிறகு காரைக்குடிப் பக்கம் ஒரு கிளைக் கிராமத்தில் உபதேசியார் வேலை, அதாவது செபம் நடத்தி மறைக்கல்வி சொல்லித்தருகிற வேலை பார்க்கிறவன். சாவு வீடு, ஆஸ்பத்திரி வராந்தா, வட்டிக்காரர் வாசலில் நிற்கிற வீடு என்று போய் உட்கார்ந்து பழக்கம். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சாபக் கதையை முடித்துவிடுவோம். 'அப்பன் புளித்த திராட்சை தின்றான், பிள்ளைக்குப் பல் கூசியது' என்று இஸ்ரயேலில் ஒரு பழமொழி இருந்தது. எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தில் கடவுளே அதற்குத் தடை போடுகிறார். இனி இதை யாரும் சொல்லக் கூடாது, தகப்பன் குற்றத்தை மகன் சுமக்கமாட்டான் என்கிறார். யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் காட்டி, 'இவர் செய்த பாவமா, இவரைப் பெற்றவர்கள் செய்த பாவமா?' என்று இயேசுவிடம் கேட்கிறார்கள். இவரும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்று பதில் வருகிறது. கேட்டவர்கள் யார் தெரியுமா? சீடர்கள். கூடவே நடந்து, கூடவே சாப்பிட்டவர்களுக்கே அந்தப் புத்தி போகவில்லை என்றால், இன்றைக்கு ஒரு கூட்டத்தில் அதே பேச்சு வருவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் நீங்கள் அதைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். சாபம் முறிக்கக் காணிக்கை கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் கணவரை ஏமாற்றியது ஒரு மனிதன். அதற்குப் பெயர் மோசடி. சாபம் என்று சொன்னால் அந்த ஆள் தப்பித்துவிடுவான்.

அடுத்து 'விசுவாசம் குறைவு'. மாற்கு 9ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் வருகிறார். மகனுக்கு வலிப்பு. நெருப்பிலும் தண்ணீரிலும் விழுகிறான். 'உம்மால் ஏதாவது முடிந்தால் உதவும்' என்று சந்தேகத்தோடுதான் கேட்கிறார். 'முடிந்தாலா?' என்று இயேசு திருப்பிக் கேட்டதும், 'நம்புகிறேன், என் நம்பிக்கையின்மை நீங்க உதவும்' என்று கதறுகிறார். ஒரே மூச்சில் இரண்டும். பாதி நம்பிக்கை, பாதி அவநம்பிக்கை. பையன் குணமானான். இன்னொரு பக்கம் திருத்தூதர் பவுல் இருக்கிறார். உடம்பில் தைத்த முள் போன்ற ஒரு வேதனையை நீக்கச் சொல்லி மூன்று முறை மன்றாடியதாக அவரே கொரிந்தியருக்கு எழுதுகிறார். நீங்கவில்லை. 'என் அருள் உனக்குப் போதும்' என்பதுதான் வந்த பதில். பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று எந்த மேடையிலாவது யாராவது சொல்லட்டும், கேட்போம். விசுவாசத்தைத் தராசில் வைத்து, இத்தனை கிலோவுக்கு இத்தனை அற்புதம் என்று நிறுத்துக் கொடுக்கிற கடை வேதத்தில் எங்கேயும் இல்லை.

சரி, ஓரியூர். 'ஓரியூருக்கும் போனேன், ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். நம் பக்கத்து ஆட்களுக்கு ஓரியூர் என்றால் அந்தச் செம்மண்தான் முதலில் ஞாபகம் வரும். அருளானந்தர் ரத்தம் பட்டுச் சிவந்த மண் என்று ஒரு பொட்டலம் மடித்து வீட்டில் வைத்திருப்போம். ஆனால் அந்த மனிதரின் கதையை முழுசாக யோசித்திருக்கிறோமா?

லிஸ்பனில் 1647இல் பிறந்தவர். சின்ன வயதில் சாகக் கிடந்தார். தாய் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார், பிள்ளை பிழைத்தது. நேர்ச்சைப்படி ஒரு வருஷம் சேசு சபைத் துறவிகளின் உடையைப் போட்டுக்கொண்டே அந்தச் சிறுவன் திரிந்தான். நாம் வேளாங்கண்ணிக்குக் காவித் துணி கட்டிப் போவது மாதிரிதான். அதே ஆள் துறவியாகி நம் ராமநாதபுரம் பக்கத்து மறவ நாட்டுக்கு வந்தார். 1686இல் பிடிபட்டு அடியும் உதையும் பட்டார். ஐரோப்பாவுக்குப் போனபோது அங்கேயே தங்கிவிடும்படி போர்ச்சுக்கல் அரசரே கேட்டும் கேளாமல் திரும்பி வந்தார். அப்புறம் தடியத்தேவர் விஷயம். தீராத நோயில் கிடந்த அந்தச் சிற்றரசரிடம் ஓர் உபதேசியார் போய் வேதம் வாசித்துச் செபித்தார், அவர் எழுந்துவிட்டார் என்பது வரலாறு. (என் தொழில்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.) குணமான தடியத்தேவர் ஞானஸ்நானம் வாங்கினார், ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் மறவ நாட்டு அரசர் சேதுபதிக்கு உறவு. அங்கே மூண்ட நெருப்புதான் 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் அருளானந்தரின் தலையை வெட்டியதில் வந்து முடிந்தது. அதற்கு முன் சிறையில் மை இல்லாமல் கரித்தூளைத் தண்ணீரில் குழைத்துத் தன் சபையாருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அப்போது 46 வயதுகூட நிறையவில்லை.

பாருங்கள், சின்ன வயதில் நேர்ச்சை பலித்தது. 45 வயதில் உயிர் தப்பவில்லை. ஒரே ஆள், ஒரே கடவுள். இன்னொருவர் நோய் தீர்ந்ததே இவர் சாவுக்கு வழியானது. இதற்கு என்ன கணக்கு என்று என்னைக் கேட்டால், எனக்குத் தெரியாது. உயிர் தப்பாத ஒருவரிடம் போய்த்தான் நாம் உயிர்ப் பிச்சை கேட்கிறோம். ஓரியூரில் முட்டிபோட்டு 'ஒன்றும் நடக்கவில்லை' என்று நீங்கள் சொன்னால், அதைக் கேட்டு முகம் சுளிக்கிற ஆள் அவர் இல்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். பூசையில் கோபம் வருவதை ஏதோ பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய விஷயம் போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நல்ல அறிகுறியாகப் படுகிறது. முற்றாக விட்டுப்போனவருக்குக் கோபம் வராது, கொட்டாவிதான் வரும். நம் வீடுகளில் பேச்சு வார்த்தை அறுந்துபோன அண்ணன் தம்பியைப் பார்த்திருப்பீர்கள். சண்டை போடுகிற வரை உறவு உயிரோடு இருந்தது. 'அவன் சோலிக்கு நான் வரல' என்று ஒதுங்கிய அன்றைக்குத்தான் செத்தது.

சொத்தையும் பிள்ளைகளையும் இழந்து தவித்த வேதாகம யோபுவை 'பொறுமைக்கு யோபு' என்று சொல்லியே கெடுத்துவிட்டோம். அந்தப் புத்தகத்தின் 42 அதிகாரங்களில் முதல் இரண்டில்தான் அவர் பொறுமைசாலி. மூன்றாவதில் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அப்புறம் பக்கம் பக்கமாகக் கடவுளைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கிறார். நண்பர்கள் மூன்று பேர் வருகிறார்கள். ஏழு நாள், ஏழு இரவு வாயே திறக்காமல் கூடத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை தங்கமான ஆட்கள். வாயைத் திறந்ததும்தான் கெட்டது. 'நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், கடவுள் காரணம் இல்லாமல் அடிக்கமாட்டார்' என்று ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் செபக்கூட்டம் அன்றைக்கே நடந்திருக்கிறது! கடைசி அதிகாரத்தில் கடவுள் தீர்ப்புச் சொல்கிறார்: என்னைப் பற்றி யோபு பேசியதுதான் சரி, நீங்கள் பேசியது சரியில்லை. கடவுளுக்காக வக்காலத்து வாங்கியவர்களுக்குக் குட்டு. கடவுளை எதிர்த்துக் கேட்டவருக்கு, 'என் ஊழியன்' என்ற பெயர்.

திருப்பாடல்கள் மொத்தம் 150. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 'இன்னும் எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர்?' என்று தொடங்குகிறது 13ஆம் பாடல். அதிலாவது கடைசியில் வெளிச்சம் வருகிறது. 88ஆம் பாடலை எடுத்துப் படியுங்கள். விடிவே இல்லை. எபிரேய மூலத்தில் அதன் கடைசிச் சொல்லே 'இருள்'. நன்றியும் இல்லை, ஆனாலும் உம்மைப் போற்றுவேன் என்ற ஒட்டுப்போட்ட முடிவும் இல்லை. இதைத் திருச்சபை ஒளித்து வைக்கவில்லை. குருக்களும் கன்னியரும் சொல்கிற திருப்புகழ்மாலையில் வெள்ளிக்கிழமை இரவு செபத்துக்கு வைத்திருக்கிறது. எனவே நீங்கள் திட்டிக்கொண்டு படுக்கிற வெள்ளிக்கிழமைகளில் உலகம் பூராவும் ஒரு கூட்டம் உங்களுக்காக அதே வார்த்தைகளைச் சொல்லிவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறது.

நம் பக்கத்து ஒப்பாரியை நினைத்துப் பாருங்கள். செத்தவரைப் பார்த்து, 'இப்படி விட்டுட்டுப் போயிட்டியே' என்று மாரில் அடித்துக்கொண்டு கேட்கிற கிழவியைப் பார்த்து, 'உனக்குப் பாசம் குறைவு' என்று யாராவது சொல்வோமா? பாசம் இருப்பதால்தான் அந்தக் கேள்வி. இயேசுவே சிலுவையில் 'ஏன் என்னைக் கைவிட்டீர்?' என்று கேட்டது 22ஆம் திருப்பாடலின் முதல் வரி.

என் சொந்த விஷயம் ஒன்று. என் மூத்த மகன் 24 வயதில் போய்விட்டான். காய்ச்சல் என்று போனோம், மூன்றாம் நாள் இல்லை. அதற்குப் பிறகு பதினோரு மாதம் எனக்குச் செபம் வரவில்லை. நான் மறைக்கல்வி நடத்துகிறவன், ஊருக்கே ஆறுதல் சொல்கிறவன். பூசைக்குப் போவேன், கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருப்பேன், பதில் சொல்ல வாய் வராது. பக்கத்தில் இடியாப்பம் விற்கிற ஒரு வயதான அம்மா வந்து உட்காரும். ஒருநாள், 'வாத்தியாரே, நீங்க சும்மா ஒக்காருங்க. ஒங்களுக்கும் சேத்து நான் சொல்லிக்கிறேன்' என்றது. அதையே செய்தது. இவ்வளவு படித்த எனக்கு யாரும் சொல்லித்தராத இறையியல் அது. மாற்கு 2ஆம் அதிகாரத்தில் முடக்குவாதக்காரரை நான்கு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்குகிறார்களே, அங்கே 'அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டு' என்றுதான் எழுதியிருக்கிறது. படுக்கையில் கிடந்தவர் ஒரு வார்த்தை பேசியதாக இல்லை.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி. பெரிய வீடு, பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். தினமும் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர். அந்தப் பதினோரு மாதத்தில் முதல் நாற்பது நாளும் ஒரு தூக்கில் சோறும் மிளகு ரசமும் அவர் வீட்டிலிருந்து வந்தன. ஒரு ஆறுதல் வார்த்தை இல்லை. தூக்கைத் திண்ணையில் வைத்துவிட்டு, முந்தின நாள் தூக்கை எடுத்துக்கொண்டு வேலைக்காரப் பெண் போய்விடும். கடவுள் எங்கே போனார் என்று நான் கேட்டுக்கொண்டிருந்த நாளில் அந்தத் தூக்கு வந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் இதில் விளக்கம் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இனிச் செய்யவேண்டியவை. எலியா இறைவாக்கினர் ஒரு கட்டத்தில் செடிக்கடியில் படுத்து, 'போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்' என்கிறார். வானதூதர் வந்து என்ன செய்தார்? பிரசங்கம் இல்லை. சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுத்தார். எலியா சாப்பிட்டுத் தூங்கினார். திரும்ப எழுப்பி, திரும்பச் சாப்பிடச் சொன்னார். கடவுளோடு பேச்சு எல்லாம் அதற்கு அப்புறம்தான். நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்களா, இரவு எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று எழுதவில்லை. மாமியாரைப் புரட்டிப் படுக்கவைத்து, விடிய எழுந்து வேலைக்குப் போகிற உடம்புக்குச் செபம் வராது, தூக்கம்தான் வரும். அதை விசுவாசக் குறைவு என்று கணக்கு வைக்காதீர்கள். உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். 2021இல் தொடங்கிய அரசுத் திட்டம். படுக்கையில் இருப்பவருக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருவதும் அதில் உண்டு. வாரத்தில் ஒரு மணி நேரம் உங்கள் தோளிலிருந்து பாரம் இறங்கினாலும் நல்லதுதானே. அந்த ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்று பார்த்து, போலீஸில் புகார் கொடுங்கள். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது, அங்கேயும் எழுதலாம். மன்னிப்பது வேறு, புகார் கொடுக்காமல் இருப்பது வேறு. இரண்டையும் குழப்பி நம் ஆட்கள் நிறைய ஏமாந்திருக்கிறார்கள்.

எப்போதாவது 'இருந்து என்ன ஆகப்போகுது' என்ற நினைப்பு வந்தால், ராத்திரி எந்நேரம் ஆனாலும் 14416க்கு அடியுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம். அதற்கு மருந்து தேவைப்பட்டால் சாப்பிடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரை யாரும் அவிசுவாசி என்பதில்லை.

செபத்துக்கு ஒரே ஒரு யோசனை. சொந்த வார்த்தை தேடாதீர்கள். நம் பெரிய வீடுகளில் மழை பெய்தால் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் நடு முற்றமான வளவில் விழும், அண்டாவில் பிடித்து வைப்பார்கள். வெயில் காலத்தில் அதை எடுத்துக்கொள்வார்கள், அப்போது போய் மழையைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கமாட்டார்கள். செபமாலை அப்படித்தான். 53 அருள் நிறை மரியே. சின்ன வயதில் அப்பத்தா மடியில் உட்கார்ந்து பிடித்து வைத்த தண்ணீர். மனசு எங்கேயோ அலைந்தால் அலையட்டும், விரல் மணியை உருட்டட்டும். 53 முடியாதா, பத்து. பத்தும் முடியாதா, மாமியாருக்குச் சோறு பிசையும்போது 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்று ஒரு தடவை. அது வராத அன்றைக்குத் திட்டுங்கள், ஆனால் அவரிடமே திட்டுங்கள்.

பூசைக்குப் போவதை விடாதீர்கள். உள்ளே ஒன்றும் தோன்றவில்லை என்பதற்காக வெளியே நிற்க வேண்டியதில்லை. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளியானபோது, பல பத்து வருஷங்கள் அவருக்குள் இறை அனுபவமே இல்லாத இருட்டு இருந்தது என்று தெரிந்து உலகமே திகைத்தது. அந்த இருட்டோடுதான் தினமும் காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, கல்கத்தாத் தெருவுக்கு இறங்கியிருக்கிறார்.

அப்புறம், உங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற குழுவில், விஷயத்தைச் சொல்லுங்கள். கடன் உட்பட. நம் ஊரில் இதுதான் பெரிய தடை, மானம். கூட்டத்தில் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால் அவர்களிடம் பேசுங்கள், வீடு தேடி வந்து உதவுவதுதான் அவர்கள் வேலை. கடன் தீரும்வரை புது நேர்ச்சை எதுவும் வேண்டாம். வட்டிக்கு வாங்கி மெழுகுதிரி ஏற்றுவதை மாதா கேட்கமாட்டார்.

ஒரு எச்சரிக்கை. உங்களைத் தேற்ற வருகிறவர்கள் எரேமியா 29ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு வசனம் சொல்வார்கள். உங்களுக்காக நான் வகுத்திருக்கும் திட்டங்கள் நன்மைக்கே என்று வருமே, பாதிப் பேர் வீட்டுக் காலண்டரில் இருக்கும். அது 11ஆம் வசனம். 10ஆம் வசனத்தைக் காலண்டரில் போடுவதில்லை. அதில் 70 வருஷம் ஆகும் என்று இருக்கிறது. பாபிலோனுக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. பெரியவர்களில் பெரும்பாலானவர்கள் திரும்பி ஊரைப் பார்க்கப்போவதில்லை. அதனால் அதே கடிதத்தில், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் பலனைச் சாப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறது. உங்கள் கடன் மூன்று வருஷமும் ஆகலாம், ஐந்து வருஷமும் ஆகலாம். அதுவரை வாழ்க்கையை ஒத்திவைக்காதீர்கள். பிள்ளையின் பிறந்தநாளைக்குக் கொஞ்சம் கேசரி கிளறலாம்.

கடைசியாக மகள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கேள்வியிலேயே கனமான இடம் அதுதான். 'சாமி கண்டிப்பா செய்யும், நீ நல்ல பிள்ளையா இரு' என்று சொல்லிவிடாதீர்கள். நாளைக்கு நடக்காவிட்டால், தான் கெட்ட பிள்ளை என்று நினைத்துக்கொள்வாள். எனக்குப் பேத்தி இருக்கிறாள், அவளுக்கு நான் சொன்னதையே சொல்கிறேன். 'எனக்கும் தெரியலடா. நானும் அதத்தான் சாமிகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் சேர்ந்தே கேப்பமா?' என்றேன். கேட்டோம். அவள் கேட்ட விதம் என்னைவிடக் காரமாக இருந்தது. கேட்டு முடித்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள்.